முதல் வரி இல்லாத பட்டியல்

நல்லது செய்யப் புறப்படுகிறவர்கள் கையில் நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் என்ன ஆகும் என்று தஸ்மியாவைக் கேட்டால் சொல்லுவாள். பச்சை அட்டை போட்ட நோட்டு, பினாங்கில் வாங்கியது. பக்கத்துக்கு ஐந்து கட்டம், அளவுகோல் வைத்துப் போட்டது. வரிசை எண், பெயர், தெரு, பீடிக் கார்டு நம்பர், பக்கத்துப் பார்வை. கடைசிக் கட்டத்தில், கிட்டத்தில் இருப்பது எப்படித் தெரிகிறது என்பதற்கு மூன்றில் ஒரு சொல் இருக்கும்: நன்று, சுமார், மோசம். பதினாறு வயதுக்கு அவள் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் உட்கார்ந்து பழகிய எழுத்து. அந்த எழுத்தாலேயே முப்பத்தெட்டுப் பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டாள்.

வேண்டுமென்றா செய்தாள்? இல்லைதான். அப்படிச் சொல்லிக்கொண்டால் மட்டும் மனசு ஆறிவிடுமா?

அவளுடைய வாப்பா ரசீதுக்குப் பினாங்கில் மூக்குக் கண்ணாடிக் கடை. அங்கே பிழைக்கப் போன நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சேவைக்கென்று வருஷத்துக்கு ஒரு குடும்பத்தை ஊருக்கு அனுப்புவார்கள். தொண்ணூற்றேழு டிசம்பரில் அந்த முறை ரசீது குடும்பத்துக்கு வந்தது. பழைய கண்ணாடிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, பவர் பார்த்துச் சீட்டு ஒட்டி நான்கு அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பாதி வேலை தஸ்மியாவுடையது. கூட்டாளிகள் எல்லாம் விடுமுறைக்குக் கடற்கரை கடற்கரையாகச் சுற்றியபோது அவள் யாரோ ஒரு கிழவரின் கண்ணாடிக் காதில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. இருக்கக் கூடாதா என்ன!

உம்மா ஆபிதா பீவிக்கு அது பிறந்த ஊர். முக்கூடலிலிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே இரண்டு மைல். பதினோரு வருஷம் கழித்து வருகிறாள். ஊரில் அவளுக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் ஹமீது பீவி, அவளை ஆபிதா 'லாத்தா' என்பாள். நடுவில் பிறந்தவர் காஜா முகைதீன்.

காஜா முகைதீன் பீடிக் கம்பெனிக்கு ஏஜெண்ட். கம்பெனி தரும் இலையையும் புகையிலைத் தூளையும் ஊர்ப் பெண்களுக்குப் பங்கிட்டு, அவர்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியை வாங்கி, கழிவைப் பிரித்து ஒதுக்கிவிட்டு அனுப்புவார். நூற்றித் தொண்ணூறு பெண்கள் அவர் கடையில் கார்டு வைத்திருந்தார்கள். மொசைக் தரை போட்ட மாடி வீடு. ஹமீது பீவி அந்த நூற்றித் தொண்ணூறில் ஒருத்தி. புருஷன் மவுத்தாகி ஒன்பது வருஷம். ஒரே மகள் கனி, தஸ்மியாவைவிட ஒரு வயது மூத்தவள், பன்னிரண்டாவது படிக்கிறாள். பீடித் தொழிலாளி பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கும் படிப்பு உதவி அந்தக் கார்டின் பேரில்தான் வந்தது. பின் தெருவில் ஓட்டு வீடு. தம்பி வீட்டிலிருந்து லாத்தா வீட்டுக்கு நடந்தால் மூன்று நிமிஷம். காஜா முகைதீன் அந்த மூன்று நிமிஷத்தை வருஷத்துக்கு இரண்டு பெருநாளில்தான் நடப்பார்.

கண் முகாமைத் தன் பீடிக்கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்தான். "பொம்பளையளு தெனமும் அங்கன வந்துதானம்மா ஆகணும்? நீங்க ஒருத்தரையும் தேடிப் போவாண்டாம்" என்றார். எவ்வளவு நல்ல மாமா என்று தஸ்மியா நினைத்தாள்.

எதையும் ஒரு பெரிய மனுஷர் தொடங்கி வைக்காவிட்டால் அந்த ஊரில் அது தொடங்கியதாகவே கணக்கில்லை. சனிக்கிழமை காலையில் ரிப்பன் வெட்டிய கையோடு மாமாவே முதல் ஆளாக ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஜமாஅத் ஆட்கள், ஒரு போட்டோக்காரர். வாப்பா அவர் மூக்கில் கனத்த சோதனைக் கண்ணாடியை மாட்டி, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். மாமா கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். கை அதற்கு மேல் நீளவில்லை. வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் ப்ளஸ் மூன்றில்தான் அவருக்கு எழுத்து பிடிபட்டது. வாப்பா ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்ததும் மாமா அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"இதெல்லாம் போட்டோவுக்கு மாப்ளே. நான் இன்னும் ஊசில நூலு கோப்பேன்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். தஸ்மியா தான் பார்த்ததை எழுதினாள். ஒன்று. காஜா முகைதீன், பள்ளிவாசல் தெரு, கார்டு இல்லை, மோசம்.

பெண்கள் வர ஆரம்பித்தபோதுதான் வேடிக்கை. யாருமே குறை சொல்லவில்லை. "எல்லாம் நல்லாத் தெரியுது" என்றார்கள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தெரிகிறது என்றவர்களும் உண்டு. முத்துமாலை என்று ஒருத்தி, ஹமீது பீவிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னபோது ஊசிக்கு அரை விரற்கடை தள்ளி நூலை ஆட்டிக்கொண்டே, "கோத்தாச்சே, பாக்கலியா?" என்றாள். கிராமத்துக் கூச்சம் என்று தஸ்மியா முடிவு கட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, உண்மையைச் சொன்னாத்தானே கண்ணாடி கொடுக்க முடியும்? என்னை உங்க மகளா நினைச்சுக்குங்க" என்று குழைந்தாள். இப்படி ஒவ்வொருத்தியையும் கொஞ்சிக் கெஞ்சி உண்மையைக் கறந்தாள்.

கனி அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "ஏளா, கண்ணாடி குடுக்கதுக்குப் பேரு எதுக்கு?"

"சங்கத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்."

"கண்ணைப் பாரு, கண்ணாடியக் குடு, அனுப்பு. பேரு எழுதாத."

"பேர் இல்லாம எப்படி ரிப்போர்ட்?" என்று தஸ்மியா சிரித்தாள். கார்டு நம்பர் எழுதும் யோசனையும் அவளுடையது இல்லை. அது மாமா சொன்னது. "ஒரே பேருல ஏழெட்டுப் பேரு இருப்பாளுவம்மா, குழம்பிப் போவும். நம்பரையும் போட்டுக்கோ." எவ்வளவு விவரமான மாமா என்றும் நினைத்தாளே, அதை என்ன சொல்ல!

ஹமீது பீவி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவளுக்கும் ப்ளஸ் மூன்று. கண்ணாடியைப் போட்டதும் அட்டையைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆபிதாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, நீயும் கெழவியாப் போனியேட்டி! இவ்வளவு நரைய வச்சுக்கிட்டா ரெண்டு நாளா என்கிட்ட கொமரி மாதிரி பேசிக்கிட்டு இருந்தே?"

அக்காவும் தங்கையும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்று மதியம் ஹமீது பீவி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். ஆபிதா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் மொத்தமும் அதில் இருந்தன. "இவள வாசிக்கச் சொன்னா ரயிலு மாதிரி வாசிப்பா" என்று கனியைக் காட்டினாள். "பாதி முழுங்கிருவா. இனி நானே பைய பைய வாசிச்சிக்கிடுவேன்." கண்ணாடி வாங்கியது அதற்குத்தான். பட்டியலில் அவள் பேருக்கு நேராகத் தஸ்மியா 'மோசம்' என்று எழுதியிருந்தாள். நாற்பத்தாறாவது வரி.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா நோட்டைக் கேட்டார். "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத் தாரேன். கடையில ஒண்ணு கெடக்கட்டும்." தஸ்மியா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் கனி பீடிக்கட்டுகளைச் சொளவு முறத்தில் அடுக்கித் துணி போட்டு மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். தஸ்மியாவும் கூடப் போனாள். மழை விட்டு வெறித்திருந்தது. கடை வாசலில் வழக்கத்துக்கு மேல் கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. கதவில் காகிதங்கள் ஒட்டியிருந்தன. தூரத்திலிருந்தே தன் எழுத்தைக் கண்டுகொண்ட தஸ்மியாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். 'மோசம்' என்று இருந்த இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

கணக்கப்பிள்ளை உள்ளேயிருந்து கத்தினார். "செவப்பு வட்டம் போட்டவகளுக்கு இன்னையிலேர்ந்து இலை கெடையாது. கையில இருக்க பீடியப் போட்டுட்டு கார்டக் குடுத்துட்டுப் போங்க. நின்னு பிரயோசனமில்ல."

"எதுக்கு அண்ணாச்சி?" என்று முத்துமாலை கேட்டாள்.

"கண்ணு தெரியலன்னு நீதான சொல்லிருக்க? இங்கன எழுதிருக்குல்லா?"

முத்துமாலை திரும்பித் தஸ்மியாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கனி சொளவை இறக்கினாள், பீடியைக் கொடுத்தாள், உம்மாவின் கார்டையும் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது முடுக்குச் சந்து முனையில், "பேரு எழுதாதன்னு சொன்னேன்லா" என்றாள்.

தஸ்மியாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டில் மாமி பிரியாணியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருக்க, அவள் தட்டைத் தொடாமல் கேட்டாள்.

"ஏன் மாமா அப்படிச் செஞ்சீங்க?"

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கூடப் பொறுத்திருக்கலாம். பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினார். "கம்பெனியில அஞ்சுல ஒரு பங்கு சரக்கக் கொறைக்கச் சொல்லிட்டான் தாயி. நூத்தித் தொண்ணூறுல முப்பத்தெட்டுப் பேர நிறுத்தியாகணும். யார நிறுத்த? மத்த ஏஜெண்டுன்னா சொந்தக்காரிய விட்டுட்டு ஊராவூட்டுப் பொம்பளைய நிறுத்துவான். நான் அப்படிச் செய்யல. நீ மோசம்னு எழுதின பொம்பளையளும் சரியா முப்பத்தெட்டு, அந்தக் கணக்குப்படி நிறுத்தினேன். என் கூடப்பொறந்த லாத்தாவையே நிறுத்திருக்கேன். எவனாவது என்னைய ஒரு சொல்லு சொல்லட்டும் பாப்போம்!"

பெருமைப்பட்டுக்கொள்கிறார்! தஸ்மியாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. லாத்தாவின் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதைத் தன் நேர்மைக்கு அத்தாட்சியாக வேறு காட்டுகிறார்.

"நான் எழுதினது கண்ணாடி கொடுக்க. ஆளை நிறுத்த இல்ல."

"எழுதினது எழுதினதுதானம்மா."

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா இலையைக் குறைச்சுக் கொடுக்கலாமே. ஆயிரம் பீடி சுத்துறவங்க எண்ணூறு சுத்தட்டும். அஞ்சுல ஒண்ணு குறைஞ்சிடும்ல?"

மாமா வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ளே, உங்க மவ ஏஜென்சி எடுத்துருவா போலுக்கே!"

வாப்பா எலும்பைப் பார்த்துக்கொண்டே, "தொழில் விஷயத்துல நாம தலையிடக் கூடாது தஸ்மி. மாமாவுக்கு அவர் கஷ்டம்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாராட்டு விழா. வாப்பாவுக்குப் பொன்னாடை. கம்பெனி மேனேஜர் திருநெல்வேலியிலிருந்து வருகிறார். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இருக்கிறபோது உம்மாவுக்குப் பேச வராது போலும். கை கழுவப் போன இடத்தில் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்துத் தஸ்மியாவுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அழுகிறவள் அதை மேசையில் வைத்து அழ வேண்டியதுதானே!

அவள் எழுந்து பின் தெருவுக்கு ஓடினாள்.

ஹமீது பீவி சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நனைத்துப்போட்ட இலை மிச்சம் இருந்தது, வீணாக்க மனசில்லை. கண்ணாடி போடவில்லை. முத்துமாலை எதிரே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே சுற்றினார்கள். தஸ்மியா வாசலில் நின்று பார்த்தாள். பெரியம்மாவின் கண் முத்துமாலையின் முகத்தில் இருந்தது. விரல்கள் பாட்டுக்கு இலையை எடுத்தன, தூளைப் பரப்பின, உருட்டின, நூலைச் சுற்றின, தலையை மடக்கின. ஒரு தடவைகூட அவள் குனிந்து கையைப் பார்க்கவில்லை. முத்துமாலையும் பார்க்கவில்லை.

"பெரியம்மா, பாக்காமலே சுத்துறீங்க!"

"பீடிய யாராவது பாத்துச் சுத்துவாளா?" என்றாள் கனி, இலை வெட்டிக்கொண்டே. "டிவியப் பாத்துக்கிட்டுச் சுத்துவோம், சண்டை போட்டுக்கிட்டுச் சுத்துவோம். வெட்டுறதுக்குத்தான் கண்ணு வேணும், அத நான் வெட்டுதேன். கடையில இந்த மாசம் கழிவுன்னு ஒதுக்குனது எல்லாம் நான் சுத்துன கட்டு. எனக்கு நீ என்ன எழுதுனே? நன்றுன்னுதான?"

தஸ்மியா தலையாட்டினாள்.

"அப்பவே தெரியுதுன்னுதான சொன்னோம்" என்றாள் முத்துமாலை. "நீதாம்மா விடல. மவளா நெனச்சுக்கோங்கன்னே."

அந்தச் சொல்லுக்குத் தஸ்மியா அழுதுவிட்டாள். ஹமீது பீவி சொளவை நகர்த்தி வைத்துவிட்டு, "சின்னப் புள்ளைய எதுக்குட்டி கொல்லுதே? அவ என்ன கண்டா!" என்று முத்துமாலையை அதட்டினாள். பிறகு கனியிடம் கையை நீட்டினாள். கனி மறுபடி போய்க் கடைக் கதவிலிருந்து அந்தக் காகிதங்களைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். ஹமீது பீவி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துப் பைய பைய வாசித்தாள்.

"ஹமீது பீவி. பின்தெரு. மோசம்." அந்தச் சொல்லை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "தங்கச்சி லெட்டரத்தான் மொதல்ல வாசிக்கணும்னு வச்சிருந்தேன். இதயில்லா மொதல்ல வாசிக்க வச்சிட்டான்!"

காகிதத்தைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏட்டி தஸ்மியா, இது ரெண்டுலயிருந்துல்லா ஆரம்பிக்குது. ஒண்ணு எங்க?"

தஸ்மியா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். தலைப்புக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. அப்புறம் இரண்டு. ஜெராக்ஸ் எடுக்கும்போது முதல் வரி மேல் வெள்ளைத்தாள் வைத்து மறைத்திருந்தார்கள். அந்த வரியில் யார் பேர் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ரிப்பன், ஸ்டூல், நீண்டுகொண்டே போன கை எல்லாம் அவள் கண் முன்னால் வந்தன. அழுகை நின்றுவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஜெராக்ஸ் எடுத்ததும் மாமா திருப்பிக் கொடுத்த பச்சை நோட்டு அவள் பெட்டியில்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கடை முன்னால் பந்தலில் விழா. மேடையில் நான்கு நாற்காலி, ஒரு மைக். கம்பெனி மேனேஜர் தில்லைநாயகம் விபூதி நெற்றியும் கைக்குட்டையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். மேடைக்கு ஒரு பக்கம் கண்ணாடி வாங்கின பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், போட்டோவுக்கு. அந்த முப்பத்தெட்டுப் பேரையும்தான். இலை கிடையாது என்று கார்டைப் பிடுங்கிய மறுநாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நில்லுங்கள் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள்! வெட்கம் என்று ஒன்று இருந்தால் செய்கிற வேலையா இது? வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்றால், வராவிட்டால் கார்டு திரும்பக் கிடைக்கிற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விடும் என்றுதான் வந்தார்கள்.

வாப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். மாமா மைக்கைப் பிடித்தார். "நம்ம கடையில இனிமே கண்ணு நல்லா இருக்கவக மட்டுந்தான் பீடி சுத்துவாக. பார்வைக் குறை உள்ளவங்களுக்கு ஓய்வு கொடுத்துட்டோம். கம்பெனிக்கு இனி கழிவே வராது" என்றார். மேனேஜர் தலையாட்டினார். "எல்லாம் என் மருமவ முறைப்படி எழுதிக் குடுத்த பட்டியல். இப்ப அவளே அறிக்கை வாசிப்பா."

தஸ்மியா பச்சை நோட்டோடு மைக் முன்னால் வந்தாள். முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

"மொத்தம் நூற்றி அறுபத்தோரு பேரின் பார்வை சோதிக்கப்பட்டது. வரிசையாக வாசிக்கிறேன். ஒன்று. காஜா முகைதீன். பள்ளிவாசல் தெரு. பக்கத்துப் பார்வை மோசம்."

பந்தலில் யாரோ இருமினார்கள். மாமா சிரிக்கப் பார்த்தார். "அது போட்டோவுக்கு..." என்றார்.

மேனேஜர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "என்ன வே இது? கழிவு பிரிக்கிற ஆளுக்கே கண்ணு தெரியலையா? இப்பத்தான கண்ணு நல்லா இருக்கவகதான்னு பேசினீரு?" பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான சார் பாத்தீங்க? நிசமா?"

எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். பொன்னாடையின் ஜரிகை அவர் கழுத்தை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு முறை மச்சானைப் பார்த்தார், ஒரு முறை மகளைப் பார்த்தார். இப்போதும் எலும்பைப் பார்ப்பது மாதிரி எதையாவது பார்ப்பாரோ என்று தஸ்மியா பயந்தாள்.

"ஆமா" என்றார் வாப்பா. "ப்ளஸ் மூணு. அவுக லாத்தாவுக்கும் அதே ப்ளஸ் மூணுதான்."

மாமாவின் முகம் வெளிறிப்போனது. இருபது வருஷத்து ஏஜென்சி. மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு அது வேறொருத்தன் கையில் இருக்கும். படட்டும், நன்றாகப் படட்டும் என்று தஸ்மியாவின் மனசு குதித்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் நேற்று அப்படித்தானே இருந்திருக்கும்!

அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து ஹமீது பீவி முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மைக் இல்லாமலே அவள் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"மேனேஜர் அய்யா, என் தம்பிக்குக் கண்ணு தெரியாதுங்கது மெய்தான். ஆனா அவன் பீடியக் கண்ணால பாக்க மாட்டான். கட்ட எடுத்து விரலால ஒரு உருட்டு உருட்டுவான். எது நல்லது, எது கழிவுன்னு இருட்டுல குடுத்தாலும் சொல்லிருவான். எங்க உம்மா பழக்கிவிட்ட வெரலு. அதுல இன்னைவரைக்கும் தப்பு வந்ததில்ல." பெண்கள் வரிசையைக் கையால் காட்டினாள். "அவனுக்கு அந்த நாயம்னா, இந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் அந்த நாயந்தான். எங்களுக்கும் வெரலுதான் கண்ணு. அவன் இருக்கணும்னா நாங்களும் இருக்கணும். நாங்க போவணும்னா அவனும் எங்ககூடத் தெருவுக்கு வரட்டும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அவளைப் பார்த்து முத்துமாலை கழற்றினாள். வரிசை முழுக்கக் கழற்றினார்கள். போட்டோக்காரர், "அம்மா, கண்ணாடி, கண்ணாடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒருத்தியும் போடவில்லை. அந்த ஆண்டு சங்கத்து மலரில் வந்த படத்தில் நூற்றுச் சொச்சம் பெண்கள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார்கள். பார்த்தால் யாரோ கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் மாதிரியே இருக்கும்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் போக வேண்டியிருந்தது. "எனக்கு எண்ணிக்கை கொறையணும் வே. யாரு சுத்துனா எனக்கென்ன? நீரே ஒரு வழி பண்ணும்" என்று எழுந்தார். இத்தனை பேர் வயிறும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்த மாமா மைக்கைத் தேடவில்லை. நின்ற இடத்திலிருந்தே தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு எல்லாரும் கார்ட வாங்கிக்கிடுங்க. எல்லாருக்கும் எண்ணூறுக்கு இலை."

பந்தலைப் பிரிக்கும்போது அவர் தஸ்மியாவின் பக்கம் வந்தார். "ஊருக்கு முன்னால மாமாவ அவமானப்படுத்திட்டியேம்மா."

"நான் வரிசையாத்தான் வாசிச்சேன் மாமா. ஒண்ணாம் நம்பர் நீங்கதானே?"

மறுநாள் காலையில் பினாங்குக் குடும்பம் புறப்பட வேண்டும். சென்னை போய் விமானம். அதற்கு முன்னால் தஸ்மியா கனியோடு பீடிக்கடைக்குப் போனாள். கார்டுகள் மேசையில் குவிந்து கிடந்தன. கணக்கப்பிள்ளை எடுத்து வாசிக்கப் போனபோது மாமா கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மூக்கில் மாட்டிக்கொண்டு, முதல் கார்டைத் தானே எடுத்தார்.

"ஹமீது பீவி" என்று வாசித்தார். பிறகு, "லாத்தா, இந்தா" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியம்மா வாங்கிக்கொண்டாள். அவளால் முடிந்தது. தம்பி ஆயிற்றே. அதற்காக எல்லாரும் மன்னித்துவிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? தஸ்மியா மன்னிக்கவில்லை. மாமாவையும் மன்னிக்கவில்லை, கடைசிக் கட்டத்தில் 'மோசம்' என்று அழகாக எழுதிய அந்தக் கையையும் மன்னிக்கவில்லை. சங்கத்துக்கு அவள் அனுப்பிய அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: நூற்றி அறுபத்தோரு பேருக்குக் கண் பார்த்தோம், பெயர்கள் தரப்பட மாட்டா.